கலைச்சொல்: நடனம் உள்ளுறையாக அமைந்த ஆப்பெராவுக்கு 'இசைக்கூத்து'

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குழுமத்தில் ஓர் அன்பர் கேட்டது: 'தி அவர்ஸ்' போன்ற ஆப்பெராக்களை 'நடன இசைநாடகம்' என்று குறிக்கலாமா? 'ஆடலிசை நாடகம்' சரிவருமா?

இரண்டுமே எனக்கு உவப்பாக இல்லை. காரணத்தைச் சொல்லுமுன், எடுத்துக்காட்டாக வந்த ஆப்பெராவில் (கதையைப் பாடியே நடத்தும் மேலைநாட்டு மேடை வடிவம்) நடனம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

கெவின் புட்ஸ் இசையமைத்து கிரெக் பியர்ஸ் பாடல்நூல் எழுதிய 'தி அவர்ஸ்', 2022 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கில் மேடையேறியது. மைக்கேல் கன்னிங்ஹாமின் 1998ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய கதை அது. 1923இல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் புதிய நாவலொன்றைத் தொடங்க முடியாமல் தவிக்கிறார். 1949இல் லாஸ் ஏஞ்சலிஸில் லாரா, கணவரின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய வேண்டிய நாளில், அந்த நாவலைத் தனியே இருந்து படிப்பதற்காக ஓட்டல் அறை ஒன்றை எடுத்துக்கொள்கிறார். நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் கிளாரிசா, நோயுற்ற கவிஞர் ஒருவருக்காக விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார். மூவரில் எழுதுபவர் வர்ஜீனியா மட்டுமே என்றாலும், தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்காத துன்பம் மூவருக்கும் பொது.

இதில் சேர்ந்திசைக் குழு பாத்திரங்களின் மனக்குரலைப் பாடுகிறது. ஆனி-பி பார்சன் அமைத்த நடனத்தை ஆடுவோருக்கோ பெயரும் இல்லை, சொல்லும் இல்லை. ஜாய்ஸ் டிடோனேட்டோ ஏற்ற வர்ஜீனியாவைச் சூழ்ந்து, பெரும்பாலான காட்சிகளில் அசைந்துகொண்டே இருக்கிறார்கள். சில இடங்களில் மேடையில் கூட்டம் மிகுந்து, பாடுபவரை விட்டுக் கண் விலகிவிடுகிறது என்பது என் குறை. ஆயினும் அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டால், எழுத வராத பொழுதின் அலைக்கழிப்பைக் காட்ட மேடையில் வேறு வழி அதிகம் இருக்காது. வாய்க்கு வராத சொல்லைப் பாடிக் காட்ட முடியாதல்லவா?

ஆகவே இங்கே நடனம் இடைச்செருகல் அன்று. இந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் நமக்கு வேண்டிய சொல்லின் முதல் வேலை. பிரான்சில் இசையமைப்பாளர்கள் காம்ப்ரா 1697இலும் ராமோ 1735இலும் படைத்த ஆப்பெரா-பாலே வகையில், தளர்வாகப் பிணைந்த தனித்தனிக் கதைகளுக்கு நடுவே ஆட்டத்துக்கென்றே பகுதிகள் விடப்பட்டிருந்தன. பின்னர் பாரீஸ் ஆப்பெரா அரங்கில், எந்தப் படைப்பிலும் பாலே நடனம் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகவே ஆயிற்று. 1861இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தம் 'டான்ஹாய்சரில்' அதை இரண்டாம் அங்கத்தில் வைக்காமல் முதல் அங்கத்திலேயே வைத்தார். இரவு உணவை முடித்துக்கொண்டு, பாலே பார்ப்பதற்கென்றே தாமதமாக வரும் ஜாக்கி கிளப் என்ற செல்வர் சங்கத்துக் கனவான்கள் சீழ்க்கையடித்துக் கலகம் செய்ய, மூன்றே மேடையேற்றங்களோடு அது நிறுத்தப்பட்டது. அத்தகைய படைப்புகளுக்கு 'நடன இசைநாடகம்' தாராளமாகப் பொருந்தும், ஏனெனில் அங்கே நடனம் சேர்க்கப்பட்ட ஒன்று. 'ஆடலிசை நாடகம்' ஓசைக்கு இனிமைதான்; ஆனால் ஆடலுக்குரிய இசை என்றும் பிரிந்து பொருள்படுவதால் குழப்பம் வரும். 'நாட்டிய நாடகம்' கலாக்ஷேத்ரா மரபுக்கு உரியதாகிவிட்டது. வெறும் 'இசைநாடகம்' என்றாலோ நம்மவர்க்குச் சங்கரதாஸ் சுவாமிகளும் ஆர்மோனியமும்தான் நினைவுக்கு வருவார்கள்.

என் பரிந்துரை 'இசைக்கூத்து'. கூத்து என்ற சொல்லிலேயே ஆட்டமும் கதையும் அடங்கியிருக்கின்றன. 'இசை' என்ற அடை, அது முழுவதும் அல்லது பெரும்பாலும் பாடப்படுவது என்பதைக் காட்டும். 'இது என்ன கூத்து' என்னும் ஏளனத் தொனி ஒட்டிக்கொள்ளும் என்று ஓர் அன்பர் அஞ்சியிருந்தார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடையேற்றியபோதும், 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு தொடங்கியபோதும் அந்தத் தொனி எவரையும் தடுக்கவில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. தெருக்கூத்தில் வேடம் கட்டியவரே பாடி ஆடுகிறார். 'தி அவர்ஸில்' பாடுபவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். ஆனால் இந்தப் பிரிவினை தமிழ்க் கண்ணுக்குப் புதிதன்று. பரதநாட்டியத்தில் பதம் எனும் பாடல்வகைக்கு ஆடும்போது பாடகர் ஓரமாக அமர்ந்து நாயகியின் சொல்லைப் பாட, ஆடுபவர் நாயகியாகிறார். நியூயார்க்கில் அது தலைகீழாக நடக்கிறது: பாத்திரம் பாடுபவரிடமே தங்கிவிட, ஆடுபவர் பாத்திரமற்ற மன அசைவாகிறார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே மாதவியின் கூத்துக்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஆட்களைத் தனித்தனியே நிறுத்துகிறது. 'ஆடலாசிரியர்' என்பதை நடன அமைப்பாளருக்குப் பெயராக எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். இன்று அது நடன வாத்தியார் என்றே படும் என்பதால் வற்புறுத்தவில்லை.

கலைக்காகப் பெண்கள் படும் பாடு என்ற கருப்பொருளையும் வகைப்பெயரில் சேர்க்கலாம் என்ற யோசனையை ஏற்க இயலவில்லை. ஒல்கா நியூவிர்த்தின் 'ஆர்லாண்டோ' ஆப்பெரா (வியன்னா, 2019) ஒரு கவிஞரின் கதை. கருப்பொருளால் 'தி அவர்ஸுக்கு' நெருங்கிய உறவு, ஆனால் நடனத்தை அதே அளவுக்கு நம்பி நிற்பதன்று. கருவைக் கொண்டு பெயரிட்டால் வடிவம் மறைந்துபோகும். தவிரவும், 'தி அவர்ஸின்' நாவலாசிரியர், இசையமைப்பாளர், பாடல்நூலாசிரியர் மூவரும் ஆண்கள். மெட்ரோபாலிட்டன் மேடையிலோ 1903இல் எத்தல் ஸ்மித்தின் ஆப்பெராவுக்குப் பிறகு இன்னொரு பெண்ணின் ஆப்பெரா ஏற 2016 வரை, காயா சாரியாஹோ வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இச்செய்திகள் வகைப்பெயருக்குள் அடங்கமாட்டா. கலைச்சொல் பதிவின் விளக்கப் பகுதியில் அவை கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பதிவு இவ்வாறு அமையலாம்:

இசைக்கூத்து (பெ.): முழுவதும் அல்லது பெரும்பாலும் பாடப்படுவதும், நடனம் இடைநிகழ்ச்சியாக நில்லாமல் கதையையோ பாத்திரங்களின் அகத்தையோ தானே சுமப்பதுமான மேடைப் படைப்பு.

நடனம் இன்றியமையாததாக இல்லாத பொதுவகைக்கு, வழக்கூன்றிவிட்ட 'ஆப்பெரா'வையே வைத்துக்கொள்ளலாம். ஈழத்து அன்பர்கள் 'ஒபேரா' என்று எழுதுவதால் அதனையும் மாற்று வடிவமாகத் தர வேண்டும்.