மறுமொழி: 'ஸ்லாட் சேல்' என்பதற்கு நேர விற்பனையா, நேரக்குத்தகையா?

வணக்கம் நண்பர்களே,

நம் ஊடகக் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்லாட் சேல்' (தயாரிப்பாளர் பணம் கட்டிச் சேனலின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் முறை) என்பதற்கு 'நேர விற்பனை' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்று முடிவாகிவிட்டதுபோல் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் எட்டு வருடம் ஒரு தொடர் தயாரிப்பு அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தினமும் பார்த்ததால் 'விற்பனை' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அது வளர்ந்த வழியில் பெரிய பங்கு இந்த முறைக்கு உண்டு. சாதாரணமாக, நிகழ்ச்சி செய்து தருபவருக்குத் தொலைக்காட்சிதான் பணம் தரும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். தயாரிப்பாளர்தான் சேனலுக்குப் பணம் கட்டுவார். பதிலுக்கு அரை மணி நேரமும், அதற்குள் இத்தனை விநாடி விளம்பர நேரமும் அவருக்குக் கிடைக்கும். அந்த விநாடிகளை அவரே கம்பெனிகளிடம் விற்று, சேனலுக்குக் கட்டியதையும் படப்பிடிப்புச் செலவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் இருந்தால் லாபம்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு எபிசோடுக்குச் சேனலுக்குக் கட்டுவது 1,00,000 ரூபாய். தயாரிப்புச் செலவு 80,000. கையில் கிடைப்பது 180 விநாடி. விளம்பரம் 10 விநாடி அலகில்தான் விலைபோகும், ஆக 18 அலகு. ஒவ்வொன்றும் 10,000 ரூபாய்க்குப் போனால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். தொடர் நன்றாக ஓடினால் 15,000-க்குப் போகும். ஓடாவிட்டால் 6,000-க்கும் ஆள் கிடைக்காது. ஆனால் சேனலுக்குக் கட்டும் ஒரு லட்சத்தில் ஒரு ரூபாய் குறையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் களத்தில் அளக்க வேண்டிய நெல்லை அளந்தே ஆக வேண்டும் என்பதுபோல.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. குத்தகை.

விற்றால் பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். ஒன்பது மணி நேரத்தை எந்தத் தயாரிப்பாளரும் சொந்தமாக்கிக்கொண்டதில்லை. ரேட்டிங் இறங்கினால் மதியத்துக்குத் தள்ளுவார்கள், அல்லது வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நிலம் எப்போதும் சேனலுடையது. பயிர் வைப்பது, விளைந்தால் சந்தோஷப்படுவது, காய்ந்தால் கடன்படுவது எல்லாம் தயாரிப்பாளர். அதனால் என் பரிந்துரை 'நேரக்குத்தகை'.

> 'ஒளிபரப்புக் கட்டணம்' என்றே சொல்லலாமே? நிறுவனத்தின் கணக்கிலேயே அப்படித்தானே இருக்கிறது?

இருக்கிறது. 2006 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்த சன் டிவி நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் விளம்பர வருவாய் தனி வரி, இது தனி வரி. ஆனால் தமிழில் 'ஒளிபரப்புக் கட்டணம்' என்றதும் வாசகருக்கு என்ன தோன்றும்? கேபிள்காரருக்கோ டிடிஎச்சுக்கோ நாம் மாதாமாதம் கட்டுகிற பணம்தான் தோன்றும். பார்ப்பவர் கட்டுவதும் படைப்பவர் கட்டுவதும் ஒரே பெயரில் வந்தால் பட்டியலால் என்ன பயன்? தவிர, வானொலிக்கு 'ஒலிபரப்பு' என்று எழுத்தை மாற்ற வேண்டும். நேரக்குத்தகை இரண்டுக்கும் பொருந்தும்.

வானொலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1993-ல் ஆகாசவாணி தன் எஃப்எம் அலைவரிசையில் நேரத்தைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. தில்லியிலும் மும்பையிலும் அப்படித்தான் தனியார் எஃப்எம் குரல் முதலில் கேட்டது. அதுவும் நேரக்குத்தகைதான், நிலத்துக்காரர் மட்டும் அரசு. அப்புறம் 1999-ல் அலைவரிசைகளையே ஏலம் விட்டார்கள். அந்த முதல் கட்டத்தில் உரிமக் கட்டணம் வருவாயைப் பார்க்காமல் வருடாவருடம் 15 சதவீதம் ஏறியது. பலரால் தாங்க முடியவில்லை. 2005-ல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை நுழைவுக் கட்டணத்தை ஒரு முறை வாங்கிக்கொண்டு, பிறகு ஆண்டு வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றியது. எஃப்எம் சின்ன ஊர்கள் வரைக்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். முதலில் இருந்தது குத்தகை, பிறகு வந்தது வாரம், அதாவது விளைச்சலில் பங்கு. 'நேரவாரம்' என்று ஒரு சொல்லையும் சேர்த்துத் தரலாம் என்று இரண்டு நாள் ஆசைப்பட்டேன். ஆனால் இன்று 'வாரம்' என்றால் ஏழு நாள் என்றுதான் படிப்பார்கள். 'வருவாய்ப் பங்கு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவே இருக்கட்டும். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

'ஸ்லாட்' என்பதற்கு வந்த 'நேரத்துளை' வேண்டாம். ஆங்கிலச் சொல்லின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. மீன் சந்தையில் கூறு போட்டு விற்கிறார்களே, அந்தக் கூறு போதும். 'நேரக்கூறு'.

இன்னொரு சிக்கல் எஃப்சிடி, அதாவது 'ஃப்ரீ கமர்ஷியல் டைம்'. 'இலவச விளம்பர நேரம்' என்று யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள். தூர்தர்ஷன் காலத்திலிருந்தே இந்தப் பெயர் உண்டு. கட்டணம் கட்டினால் கூடவே இத்தனை விநாடி விளம்பரம், அதற்குத் தனிக் காசு இல்லை என்பதுதான் அந்த 'ஃப்ரீ'. ஆனால் அந்த விநாடிகளை நம்பித்தான் தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்குகிறார். அதைப் போய் இலவசம் என்று தமிழில் எழுதுவது தப்பு. 'உடன்விளம்பர நேரம்' என்று வைக்கலாமா? விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. மீதி 10 நிமிடத்துக்குள் தயாரிப்பாளருக்குச் சேர்வது உடன்விளம்பர நேரம், சேனலே விற்றுக்கொள்வது தன்விளம்பர நேரம். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

> 'குத்தகை' என்றால் ஏகபோகம் என்ற பொருளும் வருமே? 'அறிவை இவர்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்' என்கிறோம்.

பேச்சில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒன்பது மணிக் கூறை ஓராண்டுக்கு நேரக்குத்தகைக்கு எடுத்தார்' என்று எழுதிப் பாருங்கள், குழப்பமே வராது. இன்னொரு நண்பர் கேட்டது இதைவிடக் கனமான கேள்வி. தமிழ்நாட்டில் பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955 சட்டப்படி பாதுகாப்பு உண்டு, நேரக்குத்தகைதாரருக்கு அப்படி ஒன்றும் இல்லையே, சொல் தப்பான எண்ணம் தராதா என்றார். சட்டம் வருவதற்கு முன்னாலும் அதன் பெயர் குத்தகைதான் என்பது என் பதில்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சொல் சரியாக இருந்தால் சன் நிறுவனத்தின் வியூகமே புரிந்துவிடும். நட்டம் தயாரிப்பாளர் தலையில், வாடகை சேனல் கையில். பல ஆண்டுகள் சன் குழுமத்தின் லாப விகிதம் மற்ற இந்தியத் தொலைக்காட்சிகளை விட உயரமாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம். ராடான், விகடன் டெலிவிஸ்டாஸ் போன்ற தயாரிப்பு நிறுவனங்கள் வளர்ந்ததும் இந்த மண்ணில்தான். கதை தயாரிப்பாளர் கையில் இருந்ததால் துணிந்து செய்தவர்களும் உண்டு. ஆனால் வருமானம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது படப்பிடிப்புச் செலவு. ஒரே வீடு, ஒரே ஹால், நாலு பேர் நின்று பேசுவது. எங்கள் அலுவலகத்தில் அந்த வெட்டை நான்தான் எழுதினேன், இன்னும் வருத்தம் இருக்கிறது. விஜய் டிவியும், 2008-ல் வந்த ஜீ தமிழும் பணம் கொடுத்து நிகழ்ச்சி செய்யச் சொல்லிப் போட்டிக்கு வந்த பிறகு, சன்னும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது.

அந்த இரண்டாவது முறைக்கு, 'கமிஷண்டு' என்கிறார்களே, அதற்குக் 'கூலித் தயாரிப்பு' என்று எழுதினேன். தாழ்வாக இருக்கிறது என்று இரண்டு பேர் வருத்தப்பட்டீர்கள். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் கூலிக்கு நெய்கிறவர்கள் கை தேர்ந்தவர்கள். நூல் முதலாளியுடையது, சேலையும் அவருடையது, நெசவுக்குக் கூலி. இங்கேயும் பணம் சேனலுடையது, கதையின் உரிமையும் சேனலுடையது, எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்கு. நிலைமை அதுதான் என்றால் பெயரும் அதுவாக இருக்கட்டும். 'அமர்த்துத் தயாரிப்பு' என்று மென்மையாக்கினால் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது மறைந்துவிடும்.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு கேள்வி. ஸ்பான்சரை நாங்கள் 'வழங்குவோர்' என்பதை நீங்கள் 'அனுசரணையாளர்' என்கிறீர்கள், அது எனக்கு மிகவும் பிடித்த சொல். 1950-லேயே வர்த்தக சேவை தொடங்கிய வானொலி உங்களுடையது. அங்கே அனுசரணை தருவதற்கும் நேரத்தையே மொத்தமாக எடுத்துக்கொள்வதற்கும் வேறு வேறு சொல் வழங்கியதா? இருந்தால் எழுதுங்கள். ஞாயிறு வரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்