பராகுவே சுதந்திரம் வாங்குன கையோட சர்வாதிகாரிகிட்ட மாட்டுனது எப்படி?

நூல்புழு:
தென் அமெரிக்கா பத்தி படிச்சிட்டிருக்கேன். மத்த நாடுங்கள்ல பொலிவார், சான் மார்ட்டின்னு விடுதலைப் படைத் தளபதிங்க தலைமைல வருஷக்கணக்கா சண்டை, பராகுவேல மட்டும் 1811 மே மாசம் ஒரே ராத்திரில ஸ்பெயின் கவர்னர் வெலாஸ்கோவ மடக்கி சத்தமில்லாம முடிச்சிட்டாங்க. சரி நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்காங்கனு பாத்தா மூணே வருஷத்துல ஃபிரான்சியானு ஒரு வக்கீல் கைல மொத்த நாடும் போயிடுச்சு, 1840ல சாகுற வரை அவர்தான். யாருமே எதுத்து கேக்கலியா?

கடைசிபெஞ்ச்:
அவர் புடுங்கல பாஸ், இவங்களே தூக்கி குடுத்தாங்க. 1814ல காங்கிரஸ், அதாவது நாட்டுப் பிரதிநிதிங்க சபை, கூடி சர்வாதிகாரி ஆக்குச்சு, 1816ல ஆயுசுக்கும்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி ஆட்சிக்குழுல இருந்தப்ப மிலிட்டரிக்காரங்களோட ஒத்துவராம ரெண்டு தடவ கோவிச்சுக்கிட்டு தோட்டத்து வீட்டுக்கு போயிட்டார், ஆனா ஃபைல் பாக்க, லெட்டர் எழுத அவர விட்டா ஆளில்ல, திரும்ப கூப்பிட வேண்டியதாச்சு. புவனோஸ் ஐரிஸ் (இப்ப அர்ஜென்டினா தலைநகரம்) தங்களயும் சேத்துக்குமோனு பயம் வேற. பெல்கிரானோ தலைமைல படையே அனுப்பி தோத்தவங்க அவங்க, கடலுக்கு போற ஆத்து வழியும் அவங்க கையில.

ஆத்தங்கரை:
அதெல்லாம் சரி, அதுக்காக எல்லைய மூடி நாட்டையே பூட்டி வைக்கணுமா? சுதந்திரத்துக்கு முன்ன நின்ன யெக்ரோஸையே சதி பண்ணார்னு 1821ல சுட்டுட்டாங்க. அதே வருஷம் எல்லைப் பக்கம் மாத்தே டீ இலை பயிர் பண்ணிட்டிருந்த பிரெஞ்சு தாவரவியல் ஆளு போன்பிளான், ஜெர்மன் ஆய்வுப் பயணி ஹம்போல்ட் கூட சுத்துனவரு, அவர ராணுவம் ஆத்த தாண்டி வந்து புடிச்சிட்டு போச்சு. 1829 வரைக்கும் விடல. ஒரு சின்ன ஊர்ல விவசாயம், வைத்தியம்னு பாத்துட்டு உக்காந்திருந்தார் மனுஷன்.

கடைசிபெஞ்ச்:
மறுக்கல. ஆனா சர்ச் நிலத்த, ஸ்பானியர் நிலத்த புடுங்கி ஏழைங்களுக்கு கம்மி குத்தகைக்கு விட்டதும் அவர்தான். ஸ்பானியங்க அவங்களுக்குள்ளயே கல்யாணம் பண்ணக்கூடாதுனு 1814லயே ஆர்டர், பழைய பணக்கார கும்பல் அதோட ஆட்டம் கண்டுச்சு. அங்க உள்ளூர் மொழியான குவாரனில அவர ‘கராய் குவாசு’னு சொல்வாங்க, நம்ம ‘பெரிய ஐயா’ மாதிரி.

நூல்புழு:
ஓ, இப்பதான் புரியுது. உருகுவே ஹீரோ ஆர்ட்டிகாஸ் தஞ்சம் புகுந்ததும் இவர்கிட்டதான?

ஆத்தங்கரை:
ஆமா, 1820ல. நேர்ல பாக்கக்கூட இல்ல, தூரமா ஒரு ஊருக்கு அனுப்பி பணம் மட்டும் குடுத்து வச்சிருந்தார். கூத்து என்னன்னா ஃபிரான்சியா செத்த உடனே அடுத்து வந்தவங்க 76 வயசு ஆர்ட்டிகாஸுக்கு விலங்கு மாட்டி உள்ள போட்டாங்க.