கிளாஸ்ப், பார்: பதக்கத்தின் மேல் ஏறும் தகட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

படைப்பதக்கச் சொற்பட்டியலில் மெடல், ரிப்பன், பேட்ஜ் மூன்றும் பதக்கம், நாடா, வில்லை என்று முடிந்துவிட்டன. வில்லைக்கு எதிர்ப்பே வரவில்லை. டவாலி போட்டு நின்ற வில்லைச் சேவகன் காலத்திலிருந்தே அது புழக்கத்தில் உள்ள சொல். இப்போது இடிக்கிற சொல் 'கிளாஸ்ப்'. 'கொளுவி' என்று முன்மொழிகிறேன்.

எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்க ஓர் உருப்படியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து 1908ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச்சேவைப் பதக்கம்: விட்டம் 36 மி.மீ., பச்சை நாடா, நாடாவின் நடுவில் அகலமாகக் கருநீலம், பின்புறம் கைபர் கணவாய் அருகே உள்ள ஜம்ருத் கோட்டையின் உருவம். நாடாவை மறித்துக் கிடையாக ஒரு சிறு தகடு. அதில் 'மலபார் 1921-22', 'பர்மா 1930-32' என்று போர் நடந்த இடமும் ஆண்டும். பதக்கம் ஒன்றுதான், தகடுகள் 12 வகை. தகடு இல்லாமல் இந்தப் பதக்கம் யாருக்கும் வழங்கப்படவில்லை. வெறும் பதக்கம் கைக்கு வந்தால் தகடு கழன்று போயிருக்கிறது என்றே பொருள்.

* * *

> 'கொளுவி' என்று முன்மொழிகிறேன்.

இலங்கையில் கொழுவி என்றால் சட்டை மாட்டுகிற சாமான். கொழுவல் என்றால் சண்டை. போர்ப் பதக்கத்துக்குப் பொருத்தம்தான் என்று சிரிக்கலாம், ஆனால் அகராதியில் ஏற்ற ஏலாது.

பகிடியை விடுவோம். இந்தத் தகடு எதையும் கொளுவிப் பிடிப்பதில்லை. அதன் இரு ஓரங்களிலும் சிறு காதுகள் இருக்கும். முதல் தகட்டின் காதுகளைப் பதக்கத்தின் தொங்கலோடு சேர்த்துத் தறையாணி (ரிவெட்) அடிப்பார்கள். இரண்டாவது தகடு வந்தால் அது முதல் தகட்டின் காதுகளில் ஏறும். இப்படியே மேலே மேலே. நாடா இவற்றுக்குப் பின்னால் போகும். இரண்டாம் உலகப் போருக்கான பர்மா நட்சத்திரப் பதக்கத்தில் வரும் 'பசிபிக்' தகட்டுக்குத் தறையாணியே இல்லை, நாடாவில் ஊசி நூலால் தைப்பது. ஆங்கிலத்தில் இருப்பது பழைய நகைச் சொல். அதன் பொருளைப் பெயர்த்தால் பொருள் இல்லாத இடத்துக்குப் போய்விடுவோம்.

* * *

அப்படியானால் 'பட்டை' போதாதா? எளிய சொல். வடிவத்தையும் சொல்கிறது.

* * *

போதாது ஐயா. நாடாவில் ஓடும் நிறக்கோடுகளையும் பட்டை என்றுதான் சொல்கிறோம். ஹவில்தாரின் கையில் இருப்பதும் மூன்று பட்டை. 'பச்சை நாடா, ஒரு நீலப் பட்டை, இரண்டு பட்டை' என்று விற்பனைப் பட்டியலில் எழுதினால் வாங்குபவர் எதை எண்ணுவார்?

இதைவிடப் பெரிய சிக்கல் 'பார்'. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்கு நான்கு வேலை. போர்முனையின் பெயர் தாங்கிய தகட்டைப் பலர் பார் என்றே சொல்கிறார்கள். அதே வீரவிருதை இரண்டாம் முறை பெற்றவருக்கு இன்னொரு பதக்கம் தராமல் நாடாவில் ஏற்றும் தகடும் பார். பதக்கத்தைத் தொங்கவிடும் குறுக்குக் கம்பியும் பார். பதக்கம் இல்லாமல் நாடாக்களை மட்டும் வரிசையாகச் சட்டைப்பைக்கு மேல் குத்திக்கொள்கிறார்களே, அதுவும் பார்.

முதல் இரண்டையும் கலந்தால் வரலாறே பிழையாகிவிடும். பிரிட்டனின் தலையாய வீரவிருதான விக்டோரியா கிராஸை இருமுறை பெற்றவர்கள் இதுவரை 3 பேர்தான். அங்கே தகடு என்றால் இன்னொரு வீரச்செயல். பொதுச்சேவைப் பதக்கத்தில் மூன்று தகடு இருந்தால் அவர் மூன்று படையெடுப்புகளில் இருந்தார், அவ்வளவே. சமையற்காரரும் இருந்திருக்கலாம். பத்திரிகைகளில் 'மூன்று முறை விருது பெற்ற வீரர்' என்று வருவதெல்லாம் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான்.

ஆகவே நான்குக்கும் நான்கு சொல்: களத்தகடு, மறுபேற்றுத் தகடு, தொங்கல் சட்டம், நாடாவரி.

* * *

சேகரிப்பவர்கள் நாள் முழுக்க 'கிளாஸ்ப் இருக்கா?' என்றுதான் கேட்கிறார்கள். ஏல விற்பனைப் பட்டியலும் அப்படித்தான். 'களத்தகடு' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. கிளாஸ்ப் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

* * *

> கிளாஸ்ப் என்றே விட்டுவிடலாம்

வாங்கும்போது அப்படியே கேளுங்கள், தடையில்லை. ஆனால் சோதிக்கும் முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'கிளாஸ்ப்பின் லக்கில் உள்ள ரிவெட்' என்று ஒரு வரி வரும். அதற்குத் தமிழில் என்ன வேலை? களத்தகட்டின் காதில் உள்ள தறையாணி என்றால் நகை வேலை செய்பவருக்கும் உடனே புரியும்.

எழுதியே பார்க்கிறேன். சொற்கள் தாங்குகின்றனவா என்று சொல்லுங்கள்:

'தகட்டைப் பார்க்கும் முன் விளிம்பைப் பார்க்கவும். பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் இருக்கும். பழைய பெயரை அராவி எடுத்துப் புதுப் பெயர் வெட்டியிருந்தால் அந்த இடத்தில் விட்டம் குறையும். வெர்னியர் காலிப்பரால் சுற்றிலும் ஆறு இடங்களில் அளக்கவும். ஐந்து இடத்தில் 36 மி.மீ. காட்டி ஓரிடத்தில் மட்டும் 35.7 என்றால் சந்தேகம் சரிதான்.

'பிறகு தறையாணி. இரு பக்கத் தலைகளும் ஒரே நிறத்தில் மங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தாலோ, காதைச் சுற்றிப் பற்றவைத்த ஈயம் தெரிந்தாலோ தகடு பிற்பாடு ஏறியது. ஆனால் பிற்பாடு ஏறியதெல்லாம் போலி அல்ல. தகடு தனியாக வந்து, பெற்றவரே தட்டாரிடம் கொடுத்துப் பொருத்திக்கொண்டதும் உண்டு. கம்பியால் கட்டியதும் உண்டு. ஆகவே முடிவு படைப்பதிவேட்டில்தான்: விளிம்பில் உள்ள படைப்பிரிவு அந்தக் களத்தில் இருந்ததா? மலபாரில் 64ஆம் பயோனியர் படை இருந்தது. 1922 சீரமைப்பில் அது மதராஸ் பயோனியருக்குள் போனது. விளிம்பில் பழைய பெயரா புதிய பெயரா என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

'வஜீரிஸ்தான் 1925 தகடு என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. பிரிட்டிஷ் விமானப்படையில் ஒரு சிறு தொகையினருக்கே கிடைத்தது. காலாட்படைச் சிப்பாயின் பெயர் விளிம்பில் இருந்து, மேலே அந்தத் தகடு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

'நாடாவைப் புற ஊதா விளக்கில் காட்டவும். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்கால நாடா. ஆனால் பழைய நாடாவையே இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். நாடா புதிது என்பதால் பதக்கம் போலி ஆகாது, கிழிந்ததை மாற்றுவது வழக்கம். வெள்ளியை மெருகுப் பசை போட்டுத் தேய்க்க வேண்டாம், முதலில் தேய்வது விளிம்பெழுத்து. பி.வி.சி. உறையிலும் போட வேண்டாம். அதிலிருந்து கசிவது உலோகத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறை நல்லது.'

* * *

'விளிம்பெழுத்து' அருமை. தனிப் பதிவாகவே ஏற்றலாம். தகடும் காதும் தறையாணியும் சரி. எனக்கு ஓர் ஐயம் 'களம்' பற்றி. முதல் உலகப் போருக்கான '1914 நட்சத்திரம்' என்ற பதக்கத்தின் தகட்டில் இடப்பெயரே கிடையாது. 'ஆகஸ்ட் 5 - நவம்பர் 22, 1914' என்று தேதி மட்டும்தான். அதைக் களத்தகடு என்பதா? நாள்தகடு என்று இன்னொன்று வேண்டியிருக்குமே.

* * *

வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தத் தேதிகளுக்குள் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியில் இருந்தவர்களுக்கு நட்சத்திரம் கிடைத்தது. 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய்லில் இறங்கிய இந்தியப் படையினருக்கும் உண்டு. தகடு எல்லோருக்கும் இல்லை, எதிரியின் குண்டுவீச்சுக்கு உட்பட்ட எல்லையில் நின்றவர்களுக்கு மட்டும். துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர் நட்சத்திரத்தோடு நின்றுவிடுவார். தகட்டில் தேதிதான் இருக்கிறது, ஆனால் அது சொல்வது களத்தில் நின்றான் என்பதை. மற்றத் தகடுகளைவிட இதற்குத்தான் 'களத்தகடு' கூடுதலாகப் பொருந்துகிறது.

* * *

ஒப்புக்கொள்கிறேன். பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அடுத்தது அதே தகட்டின் வால். நாடாவரி மட்டும் அணியும்போது 1914 தகட்டுக்குப் பதிலாக நாடாவில் ஒரு வெள்ளி 'ரோசெட்' (சிறு ரோஜா வடிவப் பொட்டு) வைப்பார்கள். பெரும்பாலான மறுபேற்றுத் தகடுகளுக்கும் அதேதான். ரோஜா என்றால் பூக்கடை வாசனை வருகிறது. 'பூம்பொட்டு' சரிப்படுமா?