புதுப்பிப்பு: அம்மாவின் முட்டி இப்போது 110 டிகிரி மடங்குகிறது

முட்டி மாற்று அறுவை முடிந்து மூன்று வாரமாகியும் அம்மாவுக்கு 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை என்று கவலையோடு கேட்டிருந்தேன். இப்போது பன்னிரண்டாவது வாரம், 110 வந்துவிட்டது.

பலன் தந்தது, படுத்தபடி குதிகாலை மெத்தையில் வழுக்கிப் பின்னால் இழுக்கும் பயிற்சிதான். தினமும் நான்கு வேளை. முடிந்ததும் ஐஸ். முழுசாக நீட்டுவதும் அதே அளவு முக்கியம் என்றார் பிசியோதெரபிஸ்ட். நாங்களோ முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கவிட்டிருந்தோம்! அது தவறு. அப்புறம் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்த அம்மா பழகினார்.

மாடிப்படியில் இன்னும் கைப்பிடி வேண்டும். ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில்.

நேற்று மாலை, வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலை வரை நடந்தார். என் கையைப் பிடிக்கவே இல்லை.