கேம்பஸ் பசுமை கமிட்டில சேத்துட்டாங்க, எதுல ஆரம்பிக்கிறது?

ஹாஸ்டல்வாசி:
எங்க யூனிவர்சிட்டில சுற்றுச்சூழல் கமிட்டி போட்டு என்னையும் ஸ்டூடண்ட் மெம்பரா சேத்துட்டாங்க. மொத மீட்டிங்லயே மரக்கன்னு நடலாம்னு பேச்சு. போன வருஷம் நட்டதுல பாதிக்கு மேல காஞ்சு போச்சு, தண்ணி ஊத்த ஆள் இல்ல, குச்சியும் பேர்ப்பலகையும் மட்டும் நிக்குது. உருப்படியா பண்ணணும்னா எதுல கை வைக்கணும்?

லேப்எலி:
மொதல்ல கரண்ட் பில்ல கேட்டு வாங்குங்க. பில்டிங்குக்கு தனித்தனி மீட்டர் இருக்கான்னும் பாருங்க, மொத்த கேம்பஸுக்கும் ஒரே மீட்டர்னா யாரு எவ்ளோ இழுக்குறாங்கன்னு எப்படித் தெரியும்? சயின்ஸ் டிபார்ட்மெண்ட் இருந்தா லேப் தான் பெரிய முழுங்கி. சாம்பிள் பத்திரமா வைக்கிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருக்கும்ல, பழசுன்னா அது ஒண்ணே ஒரு நாளைக்கு 20 யூனிட் கூட இழுக்கும், மைனஸ் 70ல வச்சா சுமார் 30 சதவீதம் வரை குறையும், நெறைய சாம்பிளுக்கு அதுவே போதும். எங்க சார் ஒத்துக்கவே இல்ல. சரின்னு ரேக்கை இழுத்துப் பாத்தா ஒரே ஐஸ் கட்டி, பேர் அழிஞ்ச டியூபுங்க, எப்பவோ படிச்சு முடிச்சு போனவங்களோடது. ரெண்டு நாள் ஒக்காந்து கழிச்சதுல ஒரு ஃப்ரீசரையே ஆஃப் பண்ணிட்டோம், டெம்பரேச்சர் சண்டை இன்னும் முடியல அது வேற கதை.

மெஸ்செக்ரட்டரி:
மெஸ்ஸை விட்டுட்டீங்களே. தட்டுல மிஞ்சுறதை ஒரு வாரம் எடை போட்டு, கை கழுவுற இடத்துல போர்டுல கிலோ கணக்குல எழுதினோம், யாரையும் திட்டலை, மூணாவது நாள்ல இருந்தே பசங்க கொஞ்சமா வாங்கிட்டு வேணும்னா திரும்ப வர ஆரம்பிச்சாங்க. ஆனா மூணு கலர் குப்பைத்தொட்டி மட்டும் அவசரப்பட்டு வாங்கிடாதீங்க, நாங்க தரம் பிரிச்சுப் போட்டதை வண்டிக்காரர் ஒண்ணா கொட்டிட்டுப் போயிட்டார், மொதல்ல அவர்கிட்ட பேசுங்க.

ஹாஸ்டல்வாசி:
சூப்பர். பில்லு கேட்டுப் போனேன், "உனக்கு எதுக்கு தம்பி"ன்னு அனுப்பிட்டாங்க.

லேப்எலி:
கன்வீனர் கையெழுத்தோட லெட்டரா குடுங்க. ரேங்கிங் ஆசை இருக்குற நிர்வாகம்னா யூனிவர்சிட்டிங்க எவ்ளோ பசுமையா இருக்குன்னு ரேங்க் போட்டு 2010ல இருந்து வர்ற கிரீன்மெட்ரிக் லிஸ்ட்ல எனர்ஜிக்கு, தண்ணிக்கு, குப்பைக்கு தனித்தனி மார்க் இருக்குன்னு சொல்லுங்க, உடனே காது குடுப்பாங்க. 12 மாச பில்லும் வேணும்னு கேளுங்க. லீவு மாசத்துல ஆளே இல்லாம பில்லு இறங்காம நின்னா அங்க தான் ஓட்டை.