பழைய சூப்பர்ப் செடானுக்கு ரீமேப் செய்யலாமா? மன்னார்குடிப் பக்கத்துச் சாலைகளுக்கு எது ஏற்றது?

பாமணி:
என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு ஸ்கோடா சூப்பர்ப். 1.8 டிஎஸ்ஐ எனப்படும் டர்போ பெட்ரோல் என்ஜின், ஏழு கியர் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்சுள்ள தானியங்கி கியர்பாக்ஸ்); 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்பதால் விற்கும் எண்ணம் இல்லை. அம்மா பின்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து வர இதைவிட வசதியான வண்டி எங்களுக்கு வாய்க்காது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவையும் புதுப்பித்துவிட்டேன்.

வாரம் ஒருமுறை நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போய் வருகிறேன். நெல் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே சாலை தெளிந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. இசியு ரீமேப் செய்தால், அதாவது என்ஜினை இயக்கும் கணினியில் உள்ள மேப் என்ற அளவுப் பட்டியலை மாற்றி எழுதினால், 160 பிஎஸ் (குதிரைத்திறன்) 210 ஆகவும், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 320 ஆகவும் உயரும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். வண்டியின் மென்மை கெடாமல் இதைச் செய்ய முடியுமா?

அரசலாறு:
பாமணி அண்ணா, பாதுகாப்பைக் கருதியே ரீமேப் செய்யுங்கள் என்று சொல்கிறேன். 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியை 65இல் தாண்டுவதாக வைத்துக்கொள்வோம். லாரியின் நீளம், நம் வண்டியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35 மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு 6 விநாடிக்கு மேல் ஆகும்; அந்த நேரத்தில் நாமும், எதிரே 60இல் வரும் பேருந்தும் சேர்ந்து 220 மீட்டர் சாலையைத் தீர்த்துவிடுவோம். அதே லாரியை 80இல் தாண்டினால் மூன்றரை விநாடி சொச்சம்தான், 140 மீட்டர் போதும். ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் வலங்கைமான் சாலையில் 140 மீட்டர் நேராகக் கிடைக்கும்; 220 கிடைப்பது அரிது. எதிர்த்தடத்தில் நாம் இருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் டார்க் வேண்டும் என்கிறேன். இதே என்ஜினும் மேனுவல் கியரும் உள்ள வண்டியை ரீமேப் செய்து மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன், நிறைவாகவே இருக்கிறது.

வெண்ணாறு:
தஞ்சாவூரில் பட்டறை வைத்திருக்கிறேன். தம்பி அரசலாறு போட்ட கணக்கில் பிழை இல்லை, ஆனால் அதில் கியர்பாக்ஸ் விடுபட்டிருக்கிறது. அவருடைய வண்டி மேனுவல்; பாமணி தம்பியுடையது டிக்யூ200 எனப்படும் ஏழு கியர் டிஎஸ்ஜி. அதற்குள் இருப்பவை எண்ணெயில் நனையாத இரண்டு உலர் கிளட்சுகள், தயாரித்தவர்கள் அதற்கு வகுத்த எல்லை 250 நியூட்டன் மீட்டர். என்ஜின் தருவதும் அதே 250தான். டீசல் சூப்பர்ப்பில் வந்த ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும், 350 வரை தாங்கும். அந்த வண்டியாக இருந்தால் நான் இவ்வளவு தடுத்துப் பேசமாட்டேன். ரயில்வே கேட்டில் காத்திருந்து அடி அடியாக ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்த கிளட்சின் தலையில் 320ஐ ஏற்றினால், முதலில் இரண்டாம் கியரில் உதறல் வரும், பிறகு வழுக்கும். தம்பி காப்பாற்ற நினைக்கும் மென்மைதான் முதலில் போகும்.

இன்னொன்று. புதிதாக வந்தபோது நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முழு டார்க்கையும் தந்த என்ஜின் இது. இன்றைக்கு அது யோசிக்கிறது என்றால், இருந்த திறனில் ஒரு பங்கு எங்கோ கசிந்துபோகிறது என்று பொருள். இந்த வயது வண்டிகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது டர்போவின் டைவர்ட்டர் வால்வு. டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி; ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அந்தக் காற்றைத் திருப்பிவிடுவது இந்த வால்வு. அதிலுள்ள ரப்பர் சவ்வு நாள்பட்டு விறைத்துக் கிழியும். கிழிந்தால் டர்போ அழுத்திய காற்று வந்த வழியே திரும்பிவிடும். அடுத்தது கரி. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளே காற்று வரும் வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினின் இன்டேக் குழாயை எடுத்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தால், சோற்றுப்பானையில் காந்தல் பிடித்தது போல வால்வுத் தண்டு தெரியாத அளவுக்கு அப்பியிருக்கும். அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து அதை எடுக்க வேண்டும். பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயினைத் தொய்யாமல் பிடித்திருக்கும் டென்ஷனரையும் பார்த்தாக வேண்டும். இந்தத் தலைமுறை என்ஜினில் அது விட்டுக்கொடுத்தால் பிஸ்டன் வால்வில் மோதும், அதன்பிறகு ரீமேப்பைப் பற்றிப் பேச என்ஜின் இருக்காது.

கொள்ளிடம்:
30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், கோல்டு ஏர் இன்டேக் இரண்டையும் போடுங்கள். வளைவுகளில் வண்டி சாயாது, என்ஜினுக்கும் மூச்சு கிடைக்கும்.

பாமணி:
தாழ்த்துவது எனக்கு ஒத்துவராது. எங்கள் தெருமுனை வேகத்தடையிலேயே இப்போது அடிப்பாகம் உரசிவிடுமோ என்று பயந்துகொண்டுதான் ஏற்றுகிறேன்.

வெண்ணாறு:
இன்டேக்கும் வேண்டாம். அந்தக் கிட்டுகளில் பல, குளிர்ந்த காற்றைத் தேடி ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் வழிந்து சாலையில் முழங்கால் அளவு நீர் ஓடும் ஊரில் அது தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சம்பா அறுவடை நேரத்தில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காய்வதையும், காற்றில் பறக்கும் சுணையையும் எண்ணிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெட்டிக்குள் நல்ல காகித ஃபில்டர் போட்டு, தை, மாசியில் மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், அது போதும்.

அரசலாறு:
கியர்பாக்ஸின் எல்லையைப் பற்றி வெண்ணாறு ஐயா சொன்னதை ஏற்கிறேன். 320ஐ நான் இனிச் சொல்லமாட்டேன். ஆனால் டார்க்கைக் கூட்டாமலே திறனைக் கூட்ட வழி இருக்கிறது. இந்த என்ஜின் 250 நியூட்டன் மீட்டரை 4,500 சுற்று வரை தருகிறது, அங்கே கணக்குப் போட்டால் 160 பிஎஸ் வருகிறது. அதே 250ஐ 5,500 சுற்று வரை குறையாமல் பிடித்து வைத்தால் 195 பிஎஸ் கிடைக்கும், கிளட்சு தாங்கவேண்டிய டார்க்கும் எல்லையைத் தாண்டாது. மூன்றாம் கியரில் லாரியைத் தாண்டும்போது உதவுவது அந்த மேல் பாதிதான். இப்படி எல்லை வைத்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

வெண்ணாறு:
தம்பி, இதை யோசித்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் மேல்சுற்றில் கூடுதல் அழுத்தம் என்றால் கூடுதல் சூடு. சித்திரை வெயிலில் இன்டேக் காற்று ஏற்கெனவே கொதிக்கும்போது, சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதை உணரும் நாக் சென்சார் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி நீங்கள் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்ளும். அப்படி வெடிக்காமல் தாங்கும் தரம் கூடிய, வெளிநாட்டின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை அப்படியே ஏற்றுபவர்களும் உண்டு. இங்கே பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது; எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே வேலைக்கு இன்ஜெக்டர் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். 2010இல் செய்த வண்டியின் எரிபொருள் ஹோஸ், சீல்களை முதலில் பார்க்காமல் மேப்பில் கை வைக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றம் செய்வதும் விபத்து நேர்ந்தால் வினையாகும்.

பிரேக்கைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். 80இலிருந்து 100க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்கு. பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் பாதிக்கு மேல் கூடுகிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாமல் ஓட்டிவிட்டு எத்தனை பேர் என்னிடம் திறனைக் கூட்டித் தரச் சொல்லி வருகிறார்கள் தெரியுமா?

பாமணி (ஐந்து வாரம் கழித்து):
ஐயா சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். டைவர்ட்டர் வால்வின் சவ்வு பிறை வடிவில் கிழிந்திருந்தது. விரலால் தள்ளினால் விரல் அந்தப் பக்கம் வந்தது. இப்போது பிஸ்டன் வகை வால்வு போட்டாயிற்று. கரியை எடுத்தோம், நான்கு இக்னிஷன் காயில்களையும் பிளக்குகளையும் மாற்றினோம். செயின் டென்ஷனரும் புதிது. வெளியே வந்த பிரேக் ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததைப் பார்த்தபோது, இதை வைத்துக்கொண்டா அம்மாவை அழைத்துப் போனோம் என்று மனம் கூசியது.

17 அங்குலச் சக்கரத்தின் 225/45 டயரை எடுத்துவிட்டு, முன் டிஸ்க் உள்ளே அடங்குகிறதா என்று பொருத்திப் பார்த்தபின் 16 அங்குலத்தில் 205/55 போட்டோம். வெளிவிட்டம் ஏறக்குறைய மாறவில்லை, பக்கச் சுவர் 11 மில்லிமீட்டர் உயர்ந்தது. முன்பக்கக் கண்ட்ரோல் ஆர்ம் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் மாறின. நீடாமங்கலம் மூணாறு தலைப்பு பக்கம் வழக்கமாகத் தூக்கிப்போடும் பாலத்து இணைப்பைக் கடந்தபின், “பாலம் வந்துடுச்சா?” என்று அம்மா கேட்டார்கள்.

வண்டி இப்போது யோசிப்பதில்லை. லாரியைத் தாண்டுமுன் நெம்புகோலைத் தட்டி மூன்றாம் கியருக்கு இறக்கிக்கொண்டு பிறகு வெளியே எடுத்தால், கேட்ட உடனே கிளம்புகிறது.

அரசலாறு:
மகிழ்ச்சி அண்ணா. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. அடித்தளம் சரியாகிவிட்டதால் 250 எல்லை வைத்த மேப்புக்கு இப்போதுதான் வண்டி தகுதியாகியிருக்கிறது.

வெண்ணாறு:
அதற்கு முன் ஒரு பதிவு எடுத்துப் பார்த்துவிடுவோம். சித்திரையில் பகல் 2 மணிக்கு, ஏசி ஓட, பின்னிருக்கையில் இரண்டு பேரை உட்கார வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில் மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து 5,000 வரை முழுமையாக அழுத்துங்கள். டர்போ அழுத்தம், இன்டேக் காற்றின் வெப்பம், இக்னிஷன் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்ற மூன்றையும் ஸ்கேனரில் பதிந்து இங்கே போடுங்கள். இப்போதிருக்கும் மேப்பிலேயே மூன்று, நான்கு டிகிரி பின்வாங்கினால் என் விடை வேண்டாம் என்பதுதான். பின்வாங்கவில்லை என்றால், கிளட்சின் தேய்மான அளவையும் பார்த்துவிட்டு, தம்பி அரசலாறு சொன்ன மேப்பை நானே உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன்.