புதுப்பிப்பு: 'ஷாவோலின் சாக்கர்' முடிந்தது, அடுத்து 'குங் ஃபூ ஹசில்'

ஹாங்காங் நடிகர், இயக்குநர் ஸ்டீபன் சோவின் குங் ஃபூ காமெடிப் படமான 'ஷாவோலின் சாக்கர்' (2001) பற்றிய போன பதிவில், எந்தப் பதிப்பைப் பார்ப்பது, அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஓடும் நேரம் 90 நிமிடத்துக்குள் இருந்தால் அது அமெரிக்க வெளியீட்டுக்காக வெட்டியது, வேண்டாம். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். வெட்டினால் முதலில் அடிபடுவது காமெடிதான். முகபாவத்துக்கு விட்ட இடைவெளி போனால் சிரிப்பும் போய்விடும்.

அடுத்து, சோவே இயக்கி நடித்த 'குங் ஃபூ ஹசில்' (2004). என்னைக் கேட்டால் இதுதான் ஒரு படி மேல். வாடகைக் குடியிருப்பின் சொந்தக்காரியான வீட்டுக்காரம்மாவைக் குறிவைத்து எறிந்த கத்தி சோவின் தோளிலேயே வந்து குத்தும். அதைத் தொடரும் துரத்தலில் கால்கள் கார்ட்டூன் மாதிரி சக்கரமாய்ச் சுழலும். வீட்டுக்காரராக வரும் யூன் வா, 'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் புரூஸ் லீக்கு டூப் போட்டவர். அந்த உடல் வளைவு கிராபிக்ஸில் வராது!

தந்தி இசைக்கும் இருவர் வரும் இரவுக் காட்சிதான் ஃபேன்டசியின் உச்சம்: மீட்டிய ஒலியே வாளாகப் பாயும். அதில் ஒரு தலை துண்டாகும், சுவரில் பூனையின் நிழல் இரண்டாகும். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.